மெயினா, கான்ட்ரிப்பா? பேக்கேஜ் கட்டுவோர் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: நிரல் கட்டற்றது (யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்), ஆனால் அதற்குத் தேவையான ஏதோ ஒன்று கட்டற்றதல்ல, என்ன செய்வது? டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை வைத்தே பதில் சொல்கிறேன். நான் பேக்கேஜ் (நிறுவத் தயாரான நிரல் பொதி) கட்டுவது அங்கேதான். அதன் களஞ்சியத்தில் முழுக்கக் கட்டற்றவை மெயினில், தான் கட்டற்றதாக இருந்தும் கட்டற்றதல்லாத ஒன்றை நம்பி நிற்பவை கான்ட்ரிப்பில், கட்டற்றதல்லாதவை, அதாவது மூடியவை, நான்-ஃப்ரீயில்.

கேள்வி: என் நிரல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிறது. ஆனால் என்விடியாவின் குடா டூல்கிட் (ஜிபியுவில் ஓடும் நிரல்களுக்கான கருவிகள்) இல்லாமல் கம்பைல் ஆகாது. மெயினில் சேர்ப்பார்களா?

மாட்டார்கள். மெயினில் இருக்கும் பேக்கேஜ் கம்பைல் ஆகவும் ஓடவும் தேவையானதெல்லாம் மெயினுக்குள்ளேயே கிடைக்க வேண்டும். பில்ட்-டிபெண்ட்ஸ் (கட்டத் தேவையானவை), டிபெண்ட்ஸ் (ஓடத் தேவையானவை) மட்டுமல்ல, ரெக்கமெண்ட்ஸ் (பரிந்துரைப்பவை) வரிக்கும் இதே விதிதான். சஜஸ்ட்ஸ் (இருந்தால் நல்லது என்பவை) வரியில் மட்டும் வெளியே கைகாட்டலாம். குடா டூல்கிட் இருப்பது நான்-ஃப்ரீயில், ஆக உங்கள் நிரல் கான்ட்ரிப். பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் கன்ட்ரோல் ஃபைலின் செக்‌ஷன் வரியில் 'கான்ட்ரிப்/சயின்ஸ்' என்று போடுங்கள். காப்பிரைட் ஃபைலில் டிஸ்க்ளெய்மர் என்றொரு புலம் உண்டு. ஏன் கான்ட்ரிப் என்பதை அங்கே எழுதுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு முன், சிபியுவில் மட்டும் ஓடும்படி கட்ட முடியுமா என்று பாருங்கள். பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரி அப்படித்தான் இருக்கிறது: சிபியு பதிப்பு மெயினில், குடா பதிப்பு தனி சோர்ஸ் (மூலநிரல்) பேக்கேஜாக கான்ட்ரிப்பில். எதற்குத் தனி சோர்ஸ்? மெயின் சோர்ஸிலிருந்து ஒரு கான்ட்ரிப் பைனரி (கட்டி முடித்த பேக்கேஜ்) வருவதில் தடையில்லை. ஆனால் அந்த சோர்ஸின் பில்ட்-டிபெண்ட்ஸ் முழுவதும் மெயினில் இருக்க வேண்டும். அந்த வரியில் குடா வந்துவிட்டால் சோர்ஸ் முழுவதும் மெயினை விட்டு வெளியே போய்விடும்.

கேள்வி: அண்ணா, ஒரு ஜிபிஎல் நிரல் (மாற்றிப் பகிர்ந்தாலும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்னும் கட்டற்ற உரிமம்) மூடிய லைப்ரரி ஒன்றோடு லிங்க் ஆகிறது, அதாவது இணைந்து ஓடுகிறது. கான்ட்ரிப்பில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை தம்பி. கான்ட்ரிப் உரிமச் சிக்கலைக் கழுவும் இடமல்ல. பகிர உரிமை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. எந்தப் பகுதியில் போடுவது என்பது அப்புறம்தான்.

1998-ல் டெபியன் கேடிஈ என்ற டெஸ்க்டாப்பையே எடுத்து வெளியே வைத்தது. கேடிஈ நிரல்கள் ஜிபிஎல். அவை லிங்க் ஆகும் க்யூட்டி லைப்ரரியின் அன்றைய உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை. இரண்டையும் லிங்க் செய்த பைனரியைப் பகிர யாருக்கும் அனுமதி இல்லை என்பதுதான் டெபியனின் நிலைப்பாடு. அதனால் கான்ட்ரிப்பிலும் இடமில்லை. இயங்குதளத்தோடு வரும் லைப்ரரிகளுக்கு ஜிபிஎல்லில் விதிவிலக்கு இருக்கிறதே என்பீர்கள். அந்த லைப்ரரியும் நிரலும் சேர்ந்தே வந்தால் அது செல்லாது என்று ஜிபிஎல் 2-லேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதானே வழங்கலின் வேலை? 2000-ல் க்யூட்டி 2.2 ஜிபிஎல்லிலும் வெளிவந்த பிறகுதான் வழி பிறந்தது.

உங்களுக்கு இருக்கும் வழி, பதிப்புரிமை உள்ள எல்லோரிடமும் லிங்க் செய்ய எழுத்தில் விதிவிலக்கு வாங்குவது. எல்லோரும் என்றால், என்றோ ஒரு பேட்ச் அனுப்பிவிட்டுக் காணாமல் போனவரும் சேர்த்தி.

கேள்வி: மூடிய ஃபைலை பேக்கேஜுக்குள் வைக்காமல், நிறுவும்போது ஸ்கிரிப்ட் இறக்கிக்கொள்ளும்படி செய்தால்?

அதுவும் கான்ட்ரிப்தான். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கித் தரும் இன்ஸ்டாலர் அங்கேதான் இருக்கிறது. செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்க்காமல் எதையும் இறக்காதீர்கள்.

கேள்வி: ஓடும்போது மூடிய எதுவும் வேண்டாம். கம்பைலர் மட்டும்தான் சிக்கல்.

கான்ட்ரிப். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைப் பாருங்கள். அதன் பயாஸ் பகுதியைக் கட்ட ஓப்பன் வாட்காம் கம்பைலர் தேவைப்பட்டது. அந்த கம்பைலரின் உரிமம் டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்குள் (டிஎஃப்எஸ்ஜி) வராததால் முழுப் பேக்கேஜும் கான்ட்ரிப்புக்குப் போனது.

கேள்வி: டெலிகிராம் டெஸ்க்டாப் மெயினில் இருக்கிறது. அதன் சர்வர் மூடியது. சர்வர் இல்லாவிட்டால் அது வெறும் ஜன்னல். ஒரு சின்ன மூடிய லைப்ரரி கேட்கும் என் நிரலுக்கு மட்டும் கான்ட்ரிப். என்ன நியாயம் சார்?

நல்ல சண்டை. விதி பேசுவது பயனரின் கணினியில் நிறுவ வேண்டியதைப் பற்றி. வேறொருவர் கணினியில் ஓடுவது உங்கள் பேக்கேஜின் சார்பு ஆகாது.

இடையில் இன்னொருவர்: அப்படியானால் அதே லைப்ரரியை ஒரு சர்வரில் ஏற்றி, வலை வழியாகக் கூப்பிட்டால் மெயினா?

விதிப்படி ஆமாம். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் கோட்டை வேறெங்கே போடுவீர்கள்? சம்பா கிளையன்ட் விண்டோஸ் கணினியோடு பேசுகிறது, அதையும் வெளியே அனுப்புவதா? மெயின் தரும் உறுதி இவ்வளவுதான்: இங்கே பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால், இங்கே உள்ள மூலநிரலை இங்கே உள்ள கருவிகளால் திருத்தி மறுபடி கட்டலாம். உங்கள் மூடிய லைப்ரரியில் ஓட்டை வந்தால் பயனரின் கணினியிலேயே அது திறந்து கிடக்கும், நம்மால் கைவைக்க முடியாது. சர்வரில் வரும் ஓட்டைக்கு அந்த உறுதியை யாரும் தரவில்லை.

முதலாமவர்: பயனரின் செய்தியெல்லாம் அந்த சர்வரில்தான் கிடக்கிறது. ஆபத்து அங்கேதானே அதிகம்?

இருக்கலாம். அதை விளக்கக் குறிப்பில் எழுதுங்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் மெயின், கான்ட்ரிப் பிரிவு ஆபத்தை அளக்கும் தராசு அல்ல. இதை இத்தோடு விடுவோம், கேள்விகள் குவிந்து கிடக்கின்றன.

கேள்வி: டூம் எஞ்சின் ஜிபிஎல், விளையாட்டின் டேட்டா ஃபைல்கள் விலைக்கு விற்பவை. கான்ட்ரிப்பா?

மெயின். ஃப்ரீடூம் என்ற கட்டற்ற டேட்டா இருக்கிறது. அப்படி மாற்று எதுவும் இல்லாத எஞ்சின் என்றால் கான்ட்ரிப்.

கேள்வி: டெபியனின் 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு மூடியவையும் டெபியன் இன்ஸ்டாலரிலேயே வருகின்றனவே, இன்னும் என்ன கட்டுப்பாடு?

அது ஃபர்ம்வேருக்கு (வன்பொருளை இயக்க அதற்குள் ஏற்றும் நிரல்) மட்டும். டெபியன் 12 முதல் அதற்கு நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனிப் பகுதி. உங்கள் லைப்ரரி ஃபர்ம்வேர் அல்ல.

கேள்வி: பிஎஸ்டி என்ற கட்டற்ற உரிமம், ஆனால் மூடிய எஸ்டிகே (நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) தேவை. மெயினில் போடலாமா?

முதல் பதில்.

கேள்வி: சோர்ஸுக்குள் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது, மூலம் இல்லை.

காப்பிரைட் ஃபைலில் ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடெட் புலத்தில் சேர்த்து, டார்பாலை (மூலநிரல் கட்டு) திரும்பக் கட்டுங்கள். பதிப்பெண்ணின் பின்னால் +டிஎஃப்எஸ்ஜி சேரும். பில்ட் நடக்கும்போது அதை வலையிலிருந்து இறக்கலாமா என்று அடுத்துக் கேட்காதீர்கள். மெயினில் அதற்குத் தடை.

கேள்வி: ஜிபிஎல் நிரல், மூடிய லைப்ரரி, கான்ட்ரிப்பில்...

கேடிஈ பதிலைப் படியுங்கள். முழுதாக.

கேள்வி: உபுண்டுவில் கான்ட்ரிப்புக்கு ஈடாக எந்தப் பகுதி?

மல்டிவெர்ஸ்.

கேள்வி: டிபெண்ட்ஸ் வரியில் கட்டற்றது, மூடியது இரண்டையும் நடுவில் கோடு போட்டு எழுதினால் மெயினில் விடுவார்களா?

விடுவார்கள். கட்டற்றது முதலில் வர வேண்டும், அதை வைத்து நிரல் உண்மையிலேயே ஓடவும் வேண்டும். அனுப்புவதற்கு முன், மெயின் மட்டும் உள்ள சுத்தமான சிஹெச்ரூட்டில் (கணினிக்குள் தனியாகப் பிரித்த சூழல்) நிறுவி ஓட்டிப் பாருங்கள்.