கமெல்ல பொறுக்கப் போகும் குடும்பங்களுக்கு: கொலோன் கார்னிவல் கேள்வி – பதில்

கொலோனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம்மவர்களிடமிருந்து தை பிறந்ததுமே வரத் தொடங்கும் கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். கார்னிவல் என்பது தவக்காலத்துக்கு முன் வேடமிட்டுக் கொண்டாடும் தெருவிழா. ஊர்வல வண்டிகளிலிருந்து எறியப்படும் இனிப்புத்தான் ‘கமெல்ல’.

மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு மூன்று. பள்ளியில் எல்லோரும் ரோசன்மொன்டாக் ஊர்வலத்துக்குப் போகிறார்களாம். இரண்டு பேரையும் கூட்டிப் போகலாமா?
– ஒரு தாய், லேவர்குசன்

எட்டு வயதுக்காரரைக் கூட்டிப் போகலாம். மூன்று வயதுக்காரிக்கு ரோசன்மொன்டாக், அதாவது கார்னிவலின் பெரிய ஊர்வலம் நடக்கும் அந்தத் திங்கட்கிழமை, வேண்டாம்.

காரணம் கூட்டம் மட்டுமல்ல, காத்திருப்பு. ரோசன்மொன்டாக் ஊர்வலம் அண்மைய ஆண்டுகளில் காலை 10 மணிக்குப் புறப்படுகிறது. பாதை பல கிலோமீட்டர் நீளம். நடை வேகத்தைவிட மெதுவாக, நின்று நின்றுதான் நகரும். முதல் வண்டியிலிருந்து கடைசியாக வரும் இளவரசர் வண்டிவரை ஒரே இடத்தில் நின்று பார்த்தால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகிவிடும். இடம் பிடிக்க முன்கூட்டியே வந்து நின்ற நேரம் தனி. பெப்ரவரிக் குளிரில் மூன்று வயதுப் பிள்ளை தாங்குவது அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் பாதி ஊர்வலம்கூடப் போயிருக்காது. உங்களுக்குப் பின்னால் பத்து வரிசை சனம் நிற்கும், வெளியே வரவும் முடியாது.

சின்னவர்களுக்கு ஏற்ற நாட்கள் இரண்டு. ஒன்று, முதல்நாள் ஞாயிறு நகர மையத்தில் நடக்கும் ‘ஷுல் உன் ஃபேடெல்ஸொக்’. பள்ளிக்கூடங்களும் பேட்டைக் குழுக்களும் தாங்களே தைத்த வேடங்களில் பெரும்பாலும் கால்நடையாக வருவார்கள். பூதாகாரமான வண்டிகள் குறைவு என்பதால் பிள்ளைக்கு எல்லாம் கண்மட்டத்தில் தெரியும், இனிப்பும் கைக்கே வரும். மற்றது, பேட்டைகளில் நடக்கும் சிறு ஊர்வலங்கள். நிப்பெஸ், ஏரன்ஃபெல்ட் பகுதிகளில் செவ்வாய்க்கிழமை நடக்கும். உங்கள் ஊரிலும் அந்த நாட்களில் ஒன்று இருக்கக்கூடும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஊர்வலம் இருந்தால் அதுவே சின்னப் பிள்ளைக்குச் சிறந்தது. மூத்திரம் வந்தால் வீட்டுக்கு ஓடலாமே.

தவிர்க்க வேண்டிய நாள் அதற்கு முந்தைய வியாழன், பெண்கள் கார்னிவல் எனப்படும் ‘வைபர்ஃபஸ்ட்நாக்ட்’. காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தெருக் கார்னிவல் தொடங்கும். மத்தியானத்துக்குள் சுல்பிஷர் ஸ்ட்ராஸ பக்கம் முழுதும் குடித்த இளைஞர் கூட்டமாகிவிடும். அன்று பிள்ளைகளின் கொண்டாட்டம் பள்ளிக்குள்ளும் கிண்டர்கார்டனுக்குள்ளும் நடக்கிறது. அது போதும்.

எங்கே நின்றால் இனிப்பு நிறையக் கிடைக்கும்?
– 10 வயது வாசகர், கொலோன்

நல்ல கேள்வி, தம்பி. ரோசன்மொன்டாக் அன்று வண்டிகளிலிருந்து எறியப்படும் இனிப்பு சுமார் 300 தொன் என்பார்கள். ஆகவே எங்கே நின்றாலும் உன் பங்கு உண்டு. பாதையின் தொடக்கத்தில் எறிகிறவர்கள் கணக்குப் பார்த்து எறிவார்கள், நாள் முழுக்கப் போதவேண்டுமே. முடிவிடத்தை நெருங்கும்போது மிச்சத்தை அள்ளிக் கொட்டுவார்கள். ஆனால் அங்கே முதல் வண்டி வந்து சேரவே மத்தியானம் தாண்டிவிடும். நடுப்பகுதியில், நேரான தெருவில், முன்வரிசையில் நில்.

அடுத்து உன் பெற்றோரும் வாசிக்க வேண்டியது. நேரான தெரு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரிய வண்டிகளை உழவு இயந்திரங்கள் இழுக்கின்றன. மூலையில் திரும்பும்போது பின்னால் வரும் வண்டி, முன்னே போன இயந்திரத்தின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டி வரும். திருப்பத்தின் உள்மூலையில் நிற்கிறவருக்கும் சில்லுக்கும் இடையே இருந்த ஒரு மீட்டர் சட்டென்று இல்லாமல் போகும். சாரதிக்கு உயரத்திலிருந்து சின்னப் பிள்ளை தெரியாது. இதற்காகவே வண்டிக்கு இரு பக்கமும் ‘வாகன்எங்கெல்’, அதாவது வண்டித் தேவதைகள் எனப்படும் காவலர்கள் நடந்து வருவார்கள். அவர்கள் கை நீட்டினால் பின்வாங்க வேண்டும், வாதாடக் கூடாது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவில் தேரில் வடம் பிடித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே தேரை இழுப்பது சனம், கத்தினால் நிற்கும். இங்கே சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

வீட்டிலேயே ஒரு விதியைப் பழக்குங்கள்: நடைபாதை விளிம்புக்கல்லுக்கு அப்பால் விழுந்தது நமதில்லை. ஒரு டொபிக்காகச் சில்லுப் பக்கம் குனிவதுதான் இந்த ஊர்வலங்களில் பிள்ளைகளுக்குள்ள மிகப் பெரிய ஆபத்து. காலடியில் விழுந்த டொபியை முதலில் சப்பாத்தால் மெதுவாக மூடி, சனம் விலகிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். உடனே கை வைத்தால் விரலை மிதிப்பார்கள்.

பை துணிப்பையாக இருக்கட்டும், தோளில் குறுக்காக மாட்டும்படி. பிளாஸ்டிக் பை இரண்டு கண்டோஸ் பெட்டி விழுந்ததும் கிழியும். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பவர்களையும் பார்ப்பீர்கள். கம்பி பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே நிற்கும், பின்னால் நிற்பவருக்கோ ஊர்வலமே மறையும். செய்யாதீர்கள்.

அப்பாவின் தோளில் ஏற்றி வைத்தால் நன்றாகத் தெரியுமல்லவா?

தெரியும். ஆனால் பிள்ளையின் முகம் எறிகிறவரின் கைக்கு நேரே வந்துவிடுகிறது. எறியப்படுவது டொபி மட்டுமல்ல, முழுச் சொக்லேட் பட்டை, பெட்டி எல்லாம் பறந்து வரும். மூலை கூரான 100 கிராம் பட்டை கன்னத்தில் பட்டால் காயம்தான். தோளில் இருக்கும் பிள்ளை கையைத் தூக்கிப் பிடிக்கப் போகும்போது அப்பாவின் நிலையும் தடுமாறும். வண்டி நெருங்கும்போது இறக்கிவிடுங்கள், வாத்தியக் குழு வரும்போது ஏற்றுங்கள். கண்ணாடி அணியும் பிள்ளைக்கு முன்விளிம்புள்ள தொப்பி போட்டால் பாதி அடியைத் தொப்பி வாங்கிக்கொள்ளும்.

மகளுக்கு வேடம் வாங்கவேண்டும். பட்டுப்பாவாடை போட்டு அனுப்பலாமே என்று மாமி சொல்கிறா.
– ஒரு தந்தை, போன்

போன வருடத் தைப்பொங்கலுக்கு வாங்கிய பட்டுப்பாவாடை என்றால் அதன் ஆயுள் அன்றோடு முடிந்தது. நனைந்த கலர்க் கடதாசித் துணுக்குகள் சாயம் விடும், பட்டிலிருந்து அது போகாது. நிலத்தில் நசிந்த சொக்லேட், மழைத்தண்ணீர், எல்லாம் ஓரத்தில் ஏறும். அது போக, நம் உடுப்பை வேடமாகப் போடுவதா என்று மகளையும் கேளுங்கள். சில பிள்ளைகளுக்குப் பெருமை, சிலருக்குக் கூச்சம். எங்கள் கருத்து: வருடம் முழுதும் தமிழ்ப்பிள்ளையாக இருப்பவள் அன்று ஒருநாள் வண்ணத்துப்பூச்சியாக இருக்க ஆசைப்பட்டால் விட்டுவிடலாம்.

எந்த வேடமானாலும் இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள். குளிர் ஜாக்கெட்டுக்கு மேலே வேடம் வரவேண்டும். ஜாக்கெட்டை மேலே போட்டால் ‘என் வேடம் தெரியவில்லை’ என்று பிள்ளை கழற்றி எறியும், சண்டை அங்கேயே தொடங்கும். உள்ளே மெல்லிய முழுக்கைப் பனியன், கம்பளி மேற்சட்டை, பிறகு ஜாக்கெட், அதன் மேல் வேடம். காலில் இரண்டு சோடி மேஸ் போடுவதானால் சப்பாத்தும் ஓர் அளவு பெரிதாக வேண்டும். இறுகிய சப்பாத்துக்குள் இரண்டு மேஸ் போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். நிற்கும்போது குளிர் நிலத்திலிருந்துதான் ஏறுகிறது. மடித்த அட்டைப் பெட்டித் துண்டு ஒன்றைக் காலடியில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டாக வரும் பஞ்சு விலங்கு உடுப்பு படத்தில் அழகு. மலசலகூடத்தில் அதை முழுதாகக் கழற்றவேண்டும், கைப்பகுதி ஈர நிலத்தில் படும். மேல் கீழ் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். முகமூடி வேண்டாம், பக்கப் பார்வையை மறைக்கும். முகச்சாயம் போதும். தண்ணீரில் கழுவக்கூடியதை முதல்நாளே உள்கையில் தடவிப் பாருங்கள், சிவந்தால் விட்டுவிடுங்கள். விளையாட்டுத் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும்.

நாங்கள் சைவம். கிடைக்கும் இனிப்பில் எதைக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, டோர்ட்முண்ட்

தெருவில் வைத்து எதையும் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் கொட்டுங்கள். மூன்று குவியலாகப் பிரிப்பது சுலபம்.

கரடி வடிவ ஜெல்லி, பஞ்சுமிட்டாய்போல் மென்மையான வெள்ளை இனிப்பு, மெல்லும் டொபிகளில் பல: இவற்றில் ‘கெலட்டீன’ இருக்கக்கூடும். பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுப்பது, மாட்டிலிருந்தும் எடுப்பார்கள். எந்த விலங்கு என்று பொருட்பட்டியலில் போடாமலும் விடலாம். ‘பெக்டின்’ என்று மட்டும் இருந்தால் அது பழத்திலிருந்து வருவது, பிரச்சினையில்லை. சிக்கல் என்னவென்றால், பட்டியல் பெரிய பையில்தான் அச்சாகியிருக்கும், எறியப்படுவதோ உள்ளே இருந்த ஒற்றைப் பொதி. பட்டியல் இல்லாத மெல்லும் இனிப்பை ஒதுக்கிவிடுங்கள். வெறும் சீனிக் கடினடொபியும் சாதாரணச் சொக்லேட்டும் அநேகமாகப் பயமில்லை.

இரண்டாவது குவியல், பெரியவர்களுக்கான சொக்லேட் பெட்டிகள். உள்ளே மதுச்சாறு நிரப்பியவை கலந்திருக்கலாம். ‘அல்கொஹோல்’ அல்லது ‘லிக்கோர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். மூன்றாவது, நான்கு வயதுக்குக் குறைந்தவருக்குத் தொண்டையில் சிக்கக்கூடிய கடினடொபி, கடலை, சோளப்பொரி. சின்னவளின் பையை மூத்தவன் பார்க்காத நேரம் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்குக் கேட்பான்.

சிவராத்திரியும் கார்னிவலும் ஒரே நேரம் வருகிறதே, தற்செயலா?
– ஒரு வாசகர், கிறேஃபெல்ட்

தற்செயலல்ல, இரண்டுக்கும் நிலாதான் கணக்கு. சிவராத்திரி மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி, அமாவாசைக்கு முந்தைய இரவு. உயிர்த்த ஞாயிறு வசந்தகாலப் பௌர்ணமிக்குப் பின்வரும் ஞாயிறு. அதிலிருந்து 48 நாள் பின்னே எண்ணினால் ரோசன்மொன்டாக். பௌர்ணமியிலிருந்து ஒன்றரை நிலாமாதம் பின்னே போனால் அமாவாசை. ஆகவே ரோசன்மொன்டாக் எப்போதும் ஓர் அமாவாசைக்கு ஏறத்தாழ மூன்று நாள் முன்பின்னாகவே விழும். அது மாசி அமாவாசையாக அமைந்தால் சிவராத்திரியும் ஒட்டி வரும். 2026இல் பெப்ரவரி 15 ஞாயிறு இரவு சிவராத்திரி, மறுநாள் ரோசன்மொன்டாக். 2027இல் இடிக்காது: ரோசன்மொன்டாக் பெப்ரவரி 8, சிவராத்திரி மார்ச்சில்.

இரண்டும் சேரும் ஆண்டில் கண்விழித்த பிள்ளையைக் காலை எட்டு மணிக்கு எழுப்பி ஊர்வலத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். செவ்வாய்க்கிழமைப் பேட்டை ஊர்வலம் இருக்கவே இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் அதுவே வசதி, மறுநாள் விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கிவிடும்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால்?

தொலைவதற்கு முன் செய்யவேண்டியது மூன்று. புறப்படும்போது வாசலில் வைத்து, அன்றைய வேடத்தோடு முழுப்படம் எடுங்கள். ‘சிவப்புச் சட்டை’ என்று சொன்னால் அன்று பொலிஸுக்குப் பயனில்லை, சிவப்பு வெள்ளையில் ஆயிரம் பேர் நிற்பார்கள். உங்கள் கைத்தொலைபேசி எண்ணை மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் எழுதி, மேலே வெளிப்படையான பிளாஸ்டர் ஒட்டுங்கள், வியர்வையில் அழியாது. சந்திக்கும் இடமாக ஒரு தேவாலய வாசலையோ ரயில் நிலையப் படியையோ சொல்லுங்கள். சோசேஜ் வண்டியைச் சொல்லாதீர்கள், அதுபோல் பத்து இருக்கும்.

பிள்ளைக்குச் சொல்லவேண்டியது: நின்ற இடத்திலேயே நில், தேடி அலையாதே, பொலிஸ் அல்லது முதலுதவிச் சீருடைக்காரரிடம் பேசு. பேசுவதில் பிரச்சினை வராது, உங்களைவிட அவர்களுக்கு ஜெர்மன் நன்றாக வரும். நீங்கள் அழைக்கவேண்டிய பொலிஸ் எண் 110. தொலைபேசி வலையமைப்பு நெரிசலில் தடுமாறலாம் என்பதால் பெரியவர்களும் சந்திப்பிடத்தை முன்பே பேசி வையுங்கள்.

ஆறு மாதக் குழந்தையைத் தள்ளுவண்டிலில் கொண்டுபோகலாமா?

ரோசன்மொன்டாக்குக்கு வேண்டாம். பேட்டை ஊர்வலத்துக்கு நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பின்வரிசையில், கடைவாசல் ஒன்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காதுக்குச் செருகு தக்கை வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். காதை மூடும் தலைவளைய வகைதான் வேண்டும், குழந்தை அளவில் கிடைக்கிறது. பெரிய முரசுக் குழு கடக்கும்போது அதைப் போட்டிருந்தாலும் சந்துக்குள் சற்று ஒதுங்குங்கள்.

காற்றடித்தால் ஊர்வலம் நடக்குமா?

காலையில் உள்ளூர் வானொலியைக் கேட்காமல் புறப்படாதீர்கள். 2016இல் புயல் எச்சரிக்கையால் டுசல்டோர்ஃப் ரோசன்மொன்டாக் ஊர்வலத்தை நிறுத்தி மார்ச்சுக்குத் தள்ளியது. கொலோனில் அதே நாள் நடந்தது, ஆனால் குதிரைகளும் கொடிகளும் பெரிய உருவங்களும் இல்லாமல்.

பிள்ளை ‘ஹெலாவ்’ என்று கத்தினானாம், எல்லோரும் முறைத்தார்களாம்.
– ஒரு பாட்டி, கொலோன்

முறைப்பார்கள்தான், அம்மம்மா. ‘ஹெலாவ்’ டுசல்டோர்ஃப்காரர் சொல். கொலோனில் ‘அலாஃப்’. இனிப்பு வேண்டுமென்றால் ‘கமெல்ல!’, பூச்செண்டு வேண்டுமென்றால் ‘ஸ்ட்ரூஸ்யர்!’. பூச்செண்டைப் பெரும்பாலும் எறியாமல் கையில் கொடுப்பார்கள், கொடுக்கிறவர் கன்னத்தைக் காட்டி ஒரு முத்தமும் கேட்கக்கூடும். கொடுக்க விருப்பமில்லையென்றால் பேரன் தலையாட்டி மறுக்கலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள்.