அப்பாவின் வயதைச் சொல்லி இன்சூரன்ஸ் பணத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பேக்டரி வேலை பார்த்தார். 2012-ல் 5 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்தார். பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் வயதுக்குக் கொடுத்தார். அதில் பிறந்த ஆண்டு 1974. ஒரு தவணையும் தவறவில்லை. போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். ஆதாரில் 1-1-1968 என்று இருப்பதால் வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று, கம்பெனி 3 லட்சத்து 10 ஆயிரம் மட்டும் கொடுத்தது. ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். மூன்று வருடம் தாண்டிய பாலிசியில் கை வைக்கக் கூடாதாமே? இனிமேல் கேட்க முடியுமா?

– வாசகி, கோத்தகிரி

பதில்: கேட்க முடியும், கேட்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று வருடக் கணக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவு அப்படிச் சொல்வது உண்மை. அதே பிரிவில் வயதுக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது: வயது தவறு என்று பின்னால் நிரூபணமானால், அதற்கேற்ப பாலிசியைச் சரிசெய்துகொள்ளலாம். கம்பெனி வக்கீல் முதலில் அதைத்தான் காட்டுவார்.

உங்கள் கேள்வி வேறாக இருக்க வேண்டும். வயது தவறு என்று எதை வைத்து நிரூபித்தீர்கள்? ஆதாரை வைத்தா? பிறந்த தேதிக்கு ஆதாரைச் சான்றாக எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லி, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியை ஏற்றது. அது விபத்து நஷ்டஈட்டு வழக்கு. இருந்தாலும் உங்களுக்கும் எடுத்துக்காட்டலாம். ஊட்டியில் என்னிடம் வரும் எஸ்டேட் குடும்பங்களில் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் ஏராளம். தேதி தெரியாதவர்களுக்கு ஆதார் முகாமில் உத்தேசமாகப் போட்டது அது. அதை வைத்து, பன்னிரண்டு வருடம் தவறாமல் பணம் கட்டிய ஒரு தொழிலாளியை, இறந்த பிறகு பொய் சொன்னவராக எழுதிவைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாற்றுச் சான்றிதழோடு, அப்பா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் வாங்குங்கள். எஸ்டேட் ஆபீஸில் பி.எஃப். பதிவு இருக்கும். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்றால், பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்கள். பிள்ளைகளின் பெயரும் வயதும் அதில் இருக்கலாம். தகராறு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பு எழுதப்பட்ட காகிதத்துக்குத் தனி மதிப்பு. பாலிசி பத்திரத்தில் வயதைக் கம்பெனி ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. வயது தவறு என்றே வைத்துக்கொள்வோம். 1 லட்சத்து 90 ஆயிரம் எப்படிக் குறைந்தது? கூடுதல் பிரீமியமும் வட்டியும் மட்டும் கழிப்பதாகப் பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். உங்கள் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டு, கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

அம்மா போட்ட கையெழுத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கிய ரசீது நுகர்வோரின் உரிமையைப் பறிக்காது என்று 1999-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. எந்தச் சூழ்நிலையில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைப் புகாரில் விவரமாக எழுதுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒப்புகையுடன் தபாலில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அங்கே சரிவரவில்லை என்றால் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணம் இல்லை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் மனுவை எடுக்க மாட்டார். ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் அவகாசம். பணத்தைக் குறைத்த நாளிலிருந்தே அதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நாமினி அம்மா என்றால் புகார் உங்கள் பெயரில் வேண்டாம். அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும்.