முடிவு தெரிந்த காதல் படங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு மாறுவதால் எனது திரைப்படச் சேகரிப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் பழைய ஹாலிவுட், பிரிட்டிஷ் காதல் படங்களின் டிவிடிகள். “இவற்றில் பாதியில் காதலர்கள் சேர்வதே இல்லை, முடிவும் உங்களுக்குத் தெரியும், பிறகு எதற்கு இந்தச் சுமை?” என்று என் மகள் கேட்கிறாள். எவற்றை வைத்துக்கொள்ளலாம்? கறுப்பு வெள்ளைப் படமான ‘காசாபிளாங்கா’வுக்கு வண்ணமூட்டிய பழைய கேசட் ஒன்றும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் மகளின் கேள்வியையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். முடிவு தெரிந்த பிறகு எந்தப் படம் சுருங்கிப்போகிறதோ அதைக் கொடுத்துவிடுங்கள். எது விரிகிறதோ அது இருக்கட்டும். ஒரு முறை பார்ப்பதற்கு இணையமே போதும். வீட்டில் ஒரு படத்தை வைத்திருப்பது அதை மறுபடி பார்ப்பதற்காகத்தான்.

இந்த அளவுகோலில் முதலிடம் டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுன்டர்’ படத்துக்கு. 1945இன் தொடக்கத்தில், போர் முடிவதற்கு முன்பே, இங்கிலாந்தின் கார்ன்ஃபோர்த் ரயில் நிலையத்தில் அதன் நடைமேடைக் காட்சிகள் எடுக்கப்பட்டன. மணமான லாராவும் மணமான மருத்துவர் அலெக்கும் வியாழக்கிழமைகளில் சந்தித்து, பிறகு பிரிகிறார்கள், கதை அவ்வளவுதான். ஆனால் படம் அந்தப் பிரிவில்தான் தொடங்குகிறது. நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில் இருவர் உட்கார்ந்திருக்க, லாராவுக்குத் தெரிந்த வாயாடிப் பெண் ஒருத்தி வந்து அதே மேசையில் அமர்கிறாள். அந்த ஆண் எழுந்து, லாராவின் தோளில் ஒரு கணம் கைவைத்துவிட்டு வெளியேறுகிறான். சற்று நேரத்தில் லாராவும் இருக்கையில் இல்லை. திரும்பி வந்து, விரைவு ரயில் போவதைப் பார்க்கச் சென்றதாகச் சொல்கிறாள். இது எதுவும் அப்போது நமக்குப் பொருட்படுத்தத் தக்கதாகத் தோன்றுவதில்லை. படத்தின் இறுதியில் அதே காட்சி லாராவின் பக்கத்திலிருந்து மீண்டும் வருகையில், அந்தக் கை அவர்களுக்குக் கிடைத்த ஒரே விடைபெறல் என்பதும், அவள் ரயிலைப் பார்க்கப் போகவில்லை, அதன் முன் விழப் போனாள் என்பதும் தெரிகிறது. இரண்டாம் முறை பார்ப்பதன் பயனை இந்தப் படம் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. மகளுக்கு இதை முதலில் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் முதல் பத்து நிமிடங்களை மட்டும் மறுபடி ஓட விடுங்கள்.

‘காசாபிளாங்கா’ (1942) முடிவு தெரியாமலேயே எடுக்கப்பட்ட படம் என்று சொல்லப்படுவது பாதி உண்மை. படப்பிடிப்பு நடக்கும்போதும் திரைக்கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது மெய்தான். ஆனால் 1934 முதல் ஹாலிவுட்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை நெறி, மணமான பெண் கணவனை விட்டுக் காதலனுடன் போவதை எளிதில் அனுமதித்திராது. ஆகவே விமான நிலையத்தில் நாயகி இல்சா கணவனுடன் போவாளா, காதலன் ரிக்குடன் போவாளா என்பதில் எழுத்தாளர்களுக்கு உண்மையில் அதிக வழிகள் இல்லை. கட்டாயமாக வந்த ஒரு முடிவைத் தியாகமாக மாற்றியதே அவர்களுடைய திறமை. அடுத்த முறை பார்க்கும்போது, ரிக்கின் விடுதியில் ஜெர்மானியர் பாட்டை அமுக்கிப் பிரெஞ்சு தேசிய கீதம் எழும் இடத்தில் இல்சாவின் முகத்தைக் கவனியுங்கள். அவள் கணவனைப் பார்க்கும் பார்வையிலேயே முடிவு பாதி தீர்மானமாகிவிடுகிறது. கண்ணீரோடு பாடும் இவோனாக நடித்த மாட்லேன் லெபோ, நாஜிகளிடமிருந்து தப்பிப் பிரான்ஸை விட்டு வந்தவர் என்பது தெரிந்தால் அந்தக் கண்ணீரும் வேறாகத் தெரியும்.

‘ரோமன் ஹாலிடே’யும் (1953) இருக்கட்டும். பொய்யரின் கையைக் கடிக்கும் என்ற கதையுடைய கல்முகத்தின் வாயில், செய்தியாளன் ஜோவும் தான் யாரென்று மறைத்து ஊர் சுற்றும் இளவரசியும் கையை நுழைக்கத் தயங்கும் இடம் முதல்முறை வெறும் வேடிக்கையாகக் கடந்துவிடும். இருவருமே பொய்யர்கள், அவன் அவளை வைத்துச் செய்தி விற்கப் பார்க்கிறான் என்ற நினைவோடு பார்த்தால் அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. உங்களிடம் உள்ள பதிப்பில் எழுத்தாளராக யார் பெயர் வருகிறது என்றும் பாருங்கள். கதையை எழுதிய டால்டன் டிரம்போ கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டரின் பெயரே திரையில் வந்தது. கதைக்கான ஆஸ்கர் டிரம்போவின் பெயரில் வந்தபோது ஆண்டு 1993, அவர் 1976லேயே இறந்திருந்தார்.

‘அன் அஃபேர் டு ரிமெம்பர்’ (1957) இருந்தால் கொடுத்துவிடலாம் என்பேன். பலருக்குக் கோபம் வரும். சந்திப்பதாகச் சொன்ன நாயகி ஏன் வரவில்லை என்ற விளக்கத்தை நாயகனிடமிருந்து மறைப்பதில்தான் அதன் பின்பாதி முழுவதும் தொங்குகிறது. விபத்தும் முடிவும் தெரிந்தவருக்கு அந்தக் காத்திருப்பும் நடுவே வரும் குழந்தைகளின் பாட்டும் நீளமாகவே படும். இதே கதையை லியோ மெக்கேரி 1939இல் ‘லவ் அஃபேர்’ என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தது எவ்வளவோ மேல். ஆனால் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுச்சொத்தானதால், யார் வேண்டுமானாலும் வெளியிட்ட மங்கலான பிரதிகளே நெடுங்காலம் சந்தையில் புழங்கின. வாங்கினால் பார்த்து வாங்குங்கள்.

‘காசாபிளாங்கா’வின் வண்ணமூட்டிய கேசட்டை வைத்திருக்க வேண்டியதில்லை. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் நிழலாலும் வெளிச்சத்தாலும் இல்சாவின் முகத்தை அமைத்திருக்கிறார். அதன்மேல் பூசிய சதைநிறம், நாம் மறுபடி பார்க்கவேண்டிய அந்த முகத்தையே தட்டையாக்குகிறது. புதிய தொலைக்காட்சியிலும் படத்தைத் திரை முழுக்க இழுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். நான் மேலே வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்றும் அகலமும் உயரமும் ஏறக்குறைய 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை, இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தால்தான் படம் முழுதாக இருக்கிறது என்று பொருள்.