சுகருக்கு ஒரு லேசர், கண் பிரஷருக்கு இன்னொரு லேசரா டாக்டர்?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 61 வயசு, 15 வருஷமா சுகர் இருக்கு. விழித்திரையில புது ரத்தக்குழாய் வளந்திருக்குன்னு லேசர் ஆரம்பிச்சாங்க, ஒரு சிட்டிங் முடிஞ்சுது. பார்வை தெளியல, இன்னும் மங்கிடுச்சுன்னு சொல்றாங்க. இதுல கண் பிரஷரும் ஜாஸ்தி, அதுக்கும் லேசர் வேணும்னு சொல்லியிருக்காங்க. ஒரே லேசர்ல ரெண்டும் சரியாகாதா? அம்மா அடுத்த சிட்டிங்குக்கு வரவே மாட்டேன்னு அடம்பிடிக்கிறாங்க.

பதில்: முதல் வேலையா அம்மாவ எப்படியாவது பேசி அடுத்த சிட்டிங்குக்கு கூட்டிட்டு போயிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

அம்மா கோபத்துல நியாயம் இருக்கு, ஏன்னா லேசர் பண்ணா பார்வை கூடும்னு நெனச்சுதான் எல்லாரும் வர்றாங்க, அது அப்படி இல்லன்னு யாரும் முன்னாடியே உக்கார வெச்சு சொல்றதில்ல. இந்த லேசர் இருக்கிற பார்வைய காப்பாத்தத்தான். சுகரால விழித்திரையோட சின்ன ரத்தக்குழாய்ங்க அடைச்சுக்கும், ஆக்ஸிஜன் கிடைக்காத இடம் ஒரு கெமிக்கல சுரக்கும், அதனால புதுசா குழாய் முளைக்கும், ஆனா அது ரொம்ப வலுவில்லாத குழாய், திடீர்னு கண்ணுக்குள்ள ரத்தம் கசியும், தழும்பாகி விழித்திரையவே பிச்சு இழுத்துடும். அதனால ஓரத்து விழித்திரையில 1200, 1600ன்னு, சில சமயம் அதுக்கும் மேல, சின்னச் சின்ன புள்ளியா சுட்டு அந்த ஆக்ஸிஜன் தேவையக் கொறைக்கிறாங்க. நடுப்பார்வைய காப்பாத்த ஓரத்துல கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம், அவ்ளோதான். இவ்ளோ புள்ளியையும் ஒரே நாள்ல சுட்டா கண்ணு வீங்கும்னுதான் ரெண்டு மூணு சிட்டிங்கா பிரிக்கிறாங்க, பாதியில விட்டா அந்த குழாய்ங்க வளந்துட்டேதான் இருக்கும். 1970கள்ல அமெரிக்கால பெரிய ஆய்வு பண்ணாங்க, மோசமா பார்வை போற ஆபத்து இந்த லேசரால பாதிக்கும் மேல கொறஞ்சுது.

இப்ப மங்கலுக்கு வருவோம். கண்ணு பாப்பாவ விரிக்க போட்ட சொட்டு மருந்தால அன்னிக்கு மங்கலா இருக்கறது சகஜம். அதையும் தாண்டி நாள் கணக்கா இருந்தா நடு விழித்திரையில நீர் கோத்திருக்கலாம், விழித்திரைய அடுக்கடுக்கா படம் எடுக்கற ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, இருந்தா அதுக்கு கண்ணுக்குள்ள போடற ஊசி இருக்கு. வலிதான் பயம்னா அதையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க, மரத்துப்போக மருந்து குடுத்தும் பண்ணலாம். ராத்திரிப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் கொறையலாம், அத மறைக்க விரும்பல.

'ஊசி மட்டும் போட்டுக்கறேனே'ன்னு கேப்பாங்க. ஊசியும் நல்லாவே வேலை செய்யுது, ஆனா விடாம வந்து போட்டுக்கணும், நடுவுல காணாம போனவங்களுக்கு நெலம ரொம்ப மோசமாயிருக்கு. இப்பவே வரமாட்டேங்கறவங்களுக்கு லேசர்தான் சேஃப்னு நான் சொல்வேன்.

அடுத்தது பிரஷர். இங்கதான் நீங்க டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்: "அம்மாவுக்கு எந்த வகை க்ளாக்கோமா, கோனியோஸ்கோபி பண்ணி ஆங்கிள் பாத்தீங்களா?" க்ளாக்கோமான்னா பெரும்பாலும் கண் பிரஷரால பார்வை நரம்பு கெடற நோய், ஆங்கிள்ன்னா கண்ணுக்குள்ள நீர் வடியற மூலை, அத லென்ஸ் வெச்சுப் பாக்கறதுதான் கோனியோஸ்கோபி. இத ஏன் கேக்கணும்னா, லேசர் அதப் பொறுத்து மாறும். ஆங்கிள் திறந்திருந்தா எஸ்எல்டின்னு ஒண்ணு பண்ணுவாங்க, கண்ணுல இருந்து நீர் வடியற சல்லடை மேல மெல்லிசான லேசர், சில நிமிஷத்துல முடிஞ்சிடும், பெருசா வலியும் இருக்காது. பலன் தெரிய ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகும், சில வருஷத்துல கொறஞ்சா திரும்பவும் பண்ணிக்கலாம். 2019ல பிரிட்டன்ல வந்த லைட் ஆய்வுல, புதுசா நோய் கண்டுபிடிச்சவங்களுக்கு முதல்லயே இத பண்ணதுல கிட்டத்தட்ட முக்கால்வாசி கண்ணுக்கு 3 வருஷம் கழிச்சும் சொட்டு மருந்து தேவைப்படல. அதுக்காக நீங்களா சொட்டு மருந்த நிறுத்திடாதீங்க. ஆங்கிள் குறுகலா இருந்தா கதையே வேற, கருவிழிக்குப் பின்னாடி இருக்கிற ஐரிஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை போட்டு நீருக்கு வழி விடுவாங்க.

மூணாவது ஒரு வகை இருக்கு, உங்க கேள்விய படிச்சதும் எனக்கு அதான் பயமா இருந்துச்சு. விழித்திரையில முளைச்ச மாதிரியே ஐரிஸ் மேலயும் ஆங்கிள்லயும் புதுக் குழாய் முளைச்சு நீர் வடியற வழியவே அடைச்சிடும். இதுக்கு எஸ்எல்டி உதவாது. விழித்திரைக்கு பண்ற அந்த லேசர்தான் இதோட மூல காரணத்துக்கும் வைத்தியம், கூடவே ஊசி, பிரஷர் மருந்து, தேவைப்பட்டா ஆபரேஷன். ஆக, ஒரே லேசர்ல ரெண்டும் ஆகாதான்னு கேட்டீங்களே, இந்த ஒரு எடத்துல மட்டும் அது பாதி நிஜம், அதுவும் மீதி சிட்டிங்க சீக்கிரம் முடிச்சாத்தான்.

இன்னொண்ணு, விழித்திரை டாக்டர் ஒருத்தர், பிரஷர் பாக்கறவர் இன்னொருத்தர்னா ரெண்டு பேர்கிட்டயும் முழு ஃபைலையும் காட்டுங்க. விழித்திரை வீக்கத்துக்கு போடற ஸ்டீராய்டு ஊசி கண் பிரஷர ஏத்திடலாம், க்ளாக்கோமா இருக்கறது தெரிஞ்சா வேற ஊசி யோசிப்பாங்க. சுகரும் பிபியும் கட்டுல இல்லன்னா லேசர் மட்டும் போதாது.

திடீர்னு கண்ணு முன்னாடி கருப்பு கருப்பா நெறைய மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி ஆனாலோ, கண்ணு செவந்து கடுமையா வலிச்சு வாந்தி வந்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்கு காத்திருக்க வேணாம், அன்னிக்கே போயிடுங்க.