கருந்துளையிலிருந்து ஒளி தப்பாது என்றால், துடிக்கும் எக்ஸ்-கதிர் எங்கிருந்து வருகிறது?

கருந்துளை ஒளியை விடாது என்னும்போது அதன் எக்ஸ்-கதிரை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு ஏன் நொடிக்கு நொடி மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை எளிது. கதிர் கருந்துளைக்குள்ளிருந்து வரவில்லை. உள்ளே விழுமுன் அதைச் சுற்றிச் சுழலும் வாயுவிலிருந்து வருகிறது. அந்த வாயு வட்டின் உட்பகுதி ஏறத்தாழ ஒரு கோடி கெல்வினுக்குச் சூடேறினாலும், 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டும் கதிருக்கு அந்த வெப்பம் போதாது. கருந்துளையை ஒட்டியுள்ள, கொரோனா எனப்படும், நூறு கோடி கெல்வின் அளவு வெப்பமுள்ள மெல்லிய பிளாஸ்மாவின் (மின்னூட்டம் பெற்ற வாயுவின்) எலெக்ட்ரான்கள், வட்டிலிருந்து வரும் ஒளித்துகள்களோடு மீண்டும் மீண்டும் மோதி அவற்றின் ஆற்றலை உயர்த்திவிடுகின்றன.

இரண்டாவது கேள்விதான் ஆழமானது. முதுகலை ஆய்வேட்டுக்காக, கருந்துளை ஒன்றைக் கொண்ட சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் எக்ஸ்-கதிர் மூலத்தின் தரவை முதன்முதலில் வரைந்தபோது, ஏறியிறங்கிய கோட்டைக் கருவியின் இரைச்சல் என்று எண்ணிச் சராசரி எடுக்கத் தொடங்கினேன். என் பேராசிரியர் தடுத்து, ஒளி ஒரு மில்லி நொடியில் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிடச் சொன்னார். விடை 300 கிலோமீட்டர். ஒரு பொருள் முழுதும் ஒரு மில்லி நொடியில் மங்கி ஒளிர வேண்டுமானால், அது ஏறத்தாழ அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். படம் பிடிக்க இயலாத ஒன்றை நேரத்தால் அளக்கும் இந்த வழி அன்று முதல் என்னைப் பற்றிக்கொண்டது. 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோர மேடையிலிருந்து ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோள், சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு நொடிக்குள் பலமுறை மாறுவதைக் காட்டியதும், கதிர் பிறக்கும் இடம் சூரியனைவிடச் சிறியது என்பது உறுதியானது. அங்குள்ள கருந்துளையின் நிறை சூரியனைப்போல் 21 மடங்கு என்று 2021இல் கணித்தார்கள்.

மாற்றத்துக்குக் காரணம், வாயு சீராக விழாததே. வட்டின் வெளிப்புறத்தில் எழும் ஏற்றத்தாழ்வு உள்நோக்கி நகர்ந்து, வழியில் பிறக்கும் மற்ற ஏற்றத்தாழ்வுகளோடு பெருகி, இறுதியில் கொரோனாவை அடைகிறது. உயர் ஆற்றல் கதிரின் துடிப்பு குறைந்த ஆற்றல் கதிரின் துடிப்புக்குச் சற்றுப் பின்தங்கி வருவதை இவ்விளக்கம் நன்கு விளக்குகிறது. ஜி.ஆர்.எஸ். 1915+105 என்னும் மற்றொரு கருந்துளை இதைவிட வியப்பானது. அதன் துடிப்புகளை 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று 12 வகைகளாகப் பிரித்தது. அவற்றுள் ஒன்று, வட்டின் உட்பகுதி காலியாகி மீண்டும் நிரம்புவதுபோல, இதயத்துடிப்பின் ஒழுங்கோடு வருகிறது.

கொரோனாவின் வடிவம் நெடுங்காலம் புதிராக இருந்தது. சிக்னஸ் எக்ஸ்-1 கதிரில் ஏறத்தாழ 4 விழுக்காடு முனைவாக்கத்தை (கதிரின் அலைகள் ஒரே திசையில் அதிர்வதை) 2022இல் ஐ.எக்ஸ்.பி.இ. செயற்கைக்கோள் அளந்தது. அதன் திசை, கொரோனா வட்டின் தளத்தில் பரந்திருப்பதாகவே காட்டுகிறது. கருந்துளையருகிலிருந்து வட்டுக்குச் செங்குத்தாகப் பீறிடும் தாரையின் வழியே நீண்ட தூணாக அது நிற்கும் என்ற கருத்துக்கு இது பெரிய அடி.

நீங்களே பார்க்க விரும்பினால், 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளின் பழைய தரவுகளை இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. 3 முதல் 80 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை அளக்கும் அதன் லாக்ஸ்பிசி கருவியின் கோப்பு ஒன்றை எடுத்து, முதலில் ஒரு நொடி இடைவெளியிலும், பிறகு நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியிலும் வரைந்து பாருங்கள்.