"அதான் மாத்திரை போடறேன்ல!"

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் ஏழெட்டு வருஷமா தினமும் குவார்ட்டர் அடிக்கிறார். பிளட் டெஸ்ட்ல எம்சிவி 108னு வந்துச்சு, பி12 நார்மல். இங்க டாக்டர் போலிக் ஆசிடும் பி காம்ப்ளெக்ஸும் எழுதிக் கொடுத்தார். இப்போ அதைக் காட்டியே "அதான் மாத்திரை போடறேன்ல"ன்னு தெம்பா குடிக்கிறார். குடி டிஎன்ஏவையே மாத்தும்னு வேற படிச்சேன், நிஜமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: மாத்திரையை நிறுத்த வேணாம்மா, ஆனா அதை நம்பி குடிக்கறது சுத்த ஏமாத்து வேலை. எம்சிவிங்கறது சிவப்பணுவோட சைஸ், 100க்குள்ள இருக்கணும். போலிக் ஆசிட் மாத்திரை தர்ற போலேட் சத்து குறைஞ்சாலும் ஏறும், சரக்கு நேரா எலும்பு மஜ்ஜையைத் தாக்கினாலும் ஏறும். குடியை விட்டா ரெண்டுல இருந்து நாலு மாசத்துல பெரும்பாலும் இறங்கிடும், சிவப்பணுவோட ஆயுசே சுமார் 120 நாள்தானே.

சரக்கு போலேட்டை குடல்ல சரியா உறிஞ்ச விடாது, கல்லீரல்ல சேர விடாது, மிச்சம் மீதியும் யூரின்ல கூடுதலா போயிடும். பி1, பி6 வைட்டமினும் இப்படித்தான் அடி வாங்குது. பி12 நார்மல்னு நிம்மதியாகிடாதீங்க, கல்லீரல் கெட்டா அதுல இருக்கற பி12 ரத்தத்துல கசிஞ்சு ரிப்போர்ட்டை அழகா காட்டிடும்.

குடி டிஎன்ஏவை மாத்துமான்னு கேட்டீங்களே, நான் சொல்லப்போற மாற்றத்துல டிஎன்ஏல இருக்கற எழுத்து மாறாது, அதுமேல ஒட்டியிருக்கற மெத்தில்ங்கற குட்டி கெமிக்கல்தான் கூடுறதும் குறையறதும், எந்த ஜீன் வேலை செய்யணும் எது சும்மா இருக்கணும்ங்கறதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மெத்திலைக் கொடுக்கறது சாம்னு ஒரு பொருள், மெத்தியோனின்ங்கற அமினோ அமிலத்துல இருந்து கல்லீரல்ல நிறைய தயாராகுது, அந்த மெத்தியோனினைத் திரும்பத் திரும்ப உண்டாக்க போலேட்டும் பி12ம் வேணும். இங்கதான் உங்க வீட்டுக்காரர் கணக்கு தப்புது, ஏன்னா சத்தைக் குறைக்கறதோட நிக்காம அதைப் பயன்படுத்துற என்சைமையே சரக்கு மந்தமாக்கிடுது, சாம் குறையுது, மெத்தியோனினா மாற வேண்டிய ஹோமோசிஸ்டீன்ங்கற பொருள் தேங்கி ஏறுது, மெத்தில் சில இடத்துல குறைஞ்சு சில இடத்துல கூடி தாறுமாறாகுது. மெஷின் படுத்துக் கிடக்கறப்போ மூட்டை மூட்டையா நெல்லை இறக்கி என்ன பண்ண?

ஒண்ணு, இவ்ளோ வருஷம் தினமும் குடிச்சவரை வீட்லயே திடீர்னு நிறுத்த வைக்காதீங்க, முதல் ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வைல விடட்டும். ரெண்டாவது, நடை தள்ளாடி, பார்வை ரெண்டா தெரிஞ்சு, பேச்சு குழம்பினா போதை ஏறிடுச்சுன்னு படுக்க வைக்காதீங்க, பி1 தீர்ந்து மூளை பாதிக்கறதா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க குளுக்கோஸ் பாட்டில் ஏத்த வந்தா "இவர் தினமும் குடிக்கறவர், பி1 ஊசி போட்டாச்சா"ன்னு நீங்களே வாய்விட்டுக் கேளுங்க.