கழுத்துக் கட்டிக்கு உடனே கத்தி வேண்டுமா?

கேள்வி: எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. கழுத்தில் வலது பக்கம் கட்டி. ஸ்கேனில் 2.2 செ.மீ., டைராட்ஸ் 4. ஊசி டெஸ்ட்டில் பெதஸ்டா 2. தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்டான டி.எஸ்.எச். நார்மல். ஒரு டாக்டர் தைராய்டை முழுசாக எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஒரு வருஷம் கழித்து வரச் சொல்கிறார். தினமும் கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கி, கட்டி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவது டாக்டர் பக்கம்தான்.

உங்களைப் பயமுறுத்தியது அந்த 'டைராட்ஸ் 4' ஆகத்தான் இருக்கும். ஸ்கேன் படத்தில் கட்டியின் நிறம், ஓரம், உள்ளே இருக்கும் புள்ளிகள் இவற்றைப் பார்த்துப் போடும் மார்க் அது. ஊசி போட்டுப் பார்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும். 4 வந்து, கட்டி 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி போடுவார்கள். உங்களுக்குப் போட்டாகிவிட்டது. செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 'பெதஸ்டா 2', அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி என்று பதிலும் வந்துவிட்டது. அந்தப் பதில் தவறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒரு வருஷம் கழித்து மறு ஸ்கேன்.

ஆபரேஷன் என்றால் என்ன என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குரலுக்கான நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது. அதில் அடிபட்டால் குரல் கரகரத்துப்போகும். நாள் முழுக்க வகுப்பெடுக்கும் உங்களுக்கு அது சின்ன விஷயமே இல்லை. பின்புறம் பயறு அளவில் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதித்தால் கால்சியம் இறங்கி விரல் நுனி மரத்துப்போகும். முழுசாக எடுத்தால் ஆயுளுக்கும் மாத்திரை. தேவை என்றால் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு என்ன தேவை என்று முதல் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனையில், ஊசியில் புற்றுநோய் என்றே தெரிந்த 1 செ.மீ.க்குட்பட்ட கட்டிகளைக்கூட 1993 முதல் ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்து வருகிறார்கள். 10 வருஷத்தில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தது 100 பேரில் 8 பேருக்குத்தான். உங்கள் ஊசி டெஸ்ட்டிலோ புற்றுநோய் இல்லை என்றே வந்திருக்கிறது.

விழுங்கும்போது அடைப்பது, படுத்தால் மூச்சு முட்டுவது, குரல் மாறுவது, கட்டி திடீரென்று பெரிதாவது, கழுத்தில் நெறி கட்டுவது, இதில் எது வந்தாலும் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே போங்கள். சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு வைத்திருந்தாலோ, வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கணக்கு மாறலாம். கட்டி கரையும் என்று யாராவது தைராய்டு மாத்திரை கொடுத்தால் சாப்பிடாதீர்கள். டி.எஸ்.எச். சரியாக இருக்கும்போது அதனால் படபடப்புதான் மிஞ்சும்.

மறு ஸ்கேனுக்கு முடிந்தால் அதே சென்டருக்கே போங்கள், பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் கையோடு கொண்டு போங்கள். கட்டியின் நீளம், அகலம், உயரம் இவற்றில் குறைந்தது இரண்டு அளவுகள் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தால்தான் வளர்ந்ததாக எடுத்துக்கொள்வோம். அந்த வித்தியாசம் கண்ணாடியில் தெரியாது, சகோதரி.